என் ஓர்ப்படி அடித்த பந்து

டெமோ டே பற்றிய செய்தி என் போனுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கோல்ஃப் கம்புகள் விற்கும் ஒரு கம்பெனி புது மாடல்களையெல்லாம் பந்து அடித்துப் பழக நாங்கள் போகும் டிரைவிங் ரேஞ்சுக்குக் கொண்டுவருகிறது, ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் எடுத்து அடித்துப் பார்க்கலாம், உறுப்பினர்கள் விருந்தினரையும் அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தது. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். என் ஓர்ப்படியிடம் சொல்லவில்லை.

ஓர்ப்படி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. வலியசாலையில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். என்னைவிட ஏழு வயது சின்னவள். வித்துராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறாள். விடிந்தும் விடியாததுமாக பஸ் ஏறினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அப்படி வந்தும் அவள் வீட்டு ரசம் வாசம் சுவரைத் தாண்டி இங்கே வரும். நவராத்திரிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் அவளைத்தான் பாடச் சொல்வார்கள். என் மகன் பத்தாம் வகுப்பிலிருந்தே கணக்கில் சந்தேகம் என்றால் என்னிடம் வரமாட்டான், நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான். இதெல்லாம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோல்ஃப் மட்டும் என்னுடையதாக இருந்தது. நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளைம் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்பு இருந்த மேனேஜர் கழக்கூட்டம் பக்கத்தில் இருக்கும் அந்த ரேஞ்சில் ஆபீஸ் பெயரில் ஒரு கார்டு வாங்கி வைத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போனபோது கார்டையும், ஏழு பழைய கம்புகள் இருந்த ஒரு பையையும் ரெக்கார்டு ரூமில் விட்டுவிட்டுப் போனார். ஆறு மாதம் அது தூசி படிந்து கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார். நடப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு சனிக்கிழமை அந்தப் பையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். ஐம்பது வயதில் முதல்முறையாக ஒரு பந்தை ஓங்கி அடித்தேன். பதினைந்து பந்து போகவில்லை. பதினாறாவது போயிற்று. அது போன சத்தம் அன்று முழுக்க என் உள்ளங்கையில் இருந்தது.

அவளை அங்கே அழைத்துப்போனது நான்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வாரம் இரண்டு முறை ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசி எனக்கு அலுத்துவிட்டது. கார்டை என் பெயருக்கு மாற்றியிருந்ததால் அவள் ஒவ்வொரு முறையும் வாசலில் ரிஜிஸ்டரில் ‘கெஸ்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஒரே பை, இரண்டு பேர். நான் பத்துப் பந்து அடித்தால் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவள் அடிக்கும்போது நான் உட்காருவேன். முதல் வருஷம் அவள் காற்றைத்தான் அடித்தாள். கம்பைப் பிடிப்பது எப்படி, தலையைத் தூக்காமல் இருப்பது எப்படி என்று எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு ஒன்று வராமல் எனக்கு வந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாம் வருஷம் அவள் பந்து என் பந்துக்குப் பக்கத்தில் போய் விழ ஆரம்பித்தது. அப்புறம் அதைத் தாண்டி விழுந்தது. நான் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

டெமோ டேக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் போனோம். ரிஜிஸ்டருக்கு மேலே சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தவள் நிமிர்ந்து படித்தாள்.

“மன்னி, இது பார்த்தேளா? நாளைக்காக்கும். கெஸ்டும் வரலாம்னு போட்டிருக்கு.”

“அப்படியா? எனக்கு மெசேஜ் ஒண்ணும் வரலையே.”

“வந்திருக்கும். உங்க போன் அடைஞ்சு கிடக்கு, எப்படித் தெரியும். காலம்பற சீக்கிரம் போயிடலாம், சரியா?”

“சரி” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே நல்ல கூட்டம். மேட்டில் தகரக் கூரை போட்ட எட்டு மேடைகள், கீழே சரிவு, சரிவின் கடைசியில் தென்னைகளும் ஒரு சதுப்பும். நடுவே ஐம்பது, நூறு, நூற்றைம்பது கஜம் என்று பலகைகள் நட்டிருப்பார்கள். அன்று மேடைகளுக்குப் பின்னால் ஒரு பந்தல் போட்டு, ஸ்டாண்டுகளில் கம்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஷாஃப்ட் என்கிற தண்டு ஒரு பக்கம், பந்தில் படும் தலை ஒரு பக்கம். யாருக்கு எது வேண்டுமோ அந்தத் தலையை எடுத்து ஒரு சின்னத் திருப்புளியால் முடுக்கிக் கொடுத்தார்கள். பந்துக்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பந்து எவ்வளவு வேகத்தில் கிளம்பிற்று, எவ்வளவு தூரம் போயிற்று என்பதையெல்லாம் அது ஒரு டேப்லெட்டுக்குச் சொல்லிவிடும்.

கம்பெனி ஆட்களில் எங்களுக்குக் கிடைத்தவர் கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “காலையில இருந்து மலையாளத்துக்குத் தலையை ஆட்டிட்டே இருக்கேனுங்க” என்றார். யார் முதலில் என்று கேட்டார்.

“மன்னி முதல்ல” என்றாள் அவள்.

நீலத் தலை வைத்த ஒரு டிரைவரைக் கொடுத்தார். இருப்பதிலேயே நீளமான, மிக அதிக தூரம் அடிக்கிற கம்புக்கு டிரைவர் என்று பெயர். எங்கள் பழைய டிரைவரின் பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். இது கையில் ஒட்டிக்கொண்டது. எடையே இல்லை. இது கையில் இருந்தால் நானும் அடித்துவிடுவேன் என்று தோன்றியது. ஓங்கி அடித்தேன். பந்து தரையோடு உருண்டு வலது பக்கம் போயிற்று. கறுப்புத் தலை ஒன்று கொடுத்தார். பிறகு கொஞ்சம் பெரிய தலை. பிறகு இன்னும் லேசான ஷாஃப்ட். டேப்லெட்டில் என் பந்துகளெல்லாம் வெள்ளைக் கோடுகளாக விழுந்தன, எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

“பரவாயில்லைங்க மேடம். உங்க டெம்போ, வீசுற தாளம், நல்லா இருக்குங்க” என்றார்.

கிளைம் பிரிவில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். பணம் வராது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்த ஆட்களிடம் நான் பேசும் குரல் அது.

கடைசியாக ஒரு நடுத்தரக் கம்பைக் கொடுத்தார். அதில் ஒன்று, ஒரே ஒன்று, சரியாகப் பட்டது. பந்து நேராக எழுந்து நூறு பலகைக்குப் பக்கத்தில் இறங்கியது. பார்த்தாரா என்று திரும்பினேன். அவர் பார்க்கவில்லை. பக்கத்து மேடையில் என் ஓர்ப்படி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, பந்து வைக்காமலே ஒரு டிரைவரைச் சும்மா வீசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அங்கே இருந்தது.

அவள் முறை வந்தது. முதல் பந்தை அடித்ததும் அவர் டேப்லெட்டைப் பார்த்தார். இரண்டாவதற்கு மறுபடி பார்த்தார். மூன்றாவதற்குப் பிறகு அவளிடமிருந்து கம்பை வாங்கித் தலையைக் கழற்றினார். “லேடீஸ் ஷாஃப்ட் உங்களுக்குப் பத்தாதுங்க” என்று சொல்லி வேறு ஒன்றை முடுக்கினார். என்னிடம் ஒரு முறைகூடச் செலவழிக்காத ஒரு கவனம் அவர் முகத்தில் வந்திருந்தது. பந்தலில் இருந்த இன்னொரு ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு ஐ.டி. பையன்கள் தங்கள் பந்துக் கூடையோடு வந்து நின்றார்கள்.

அந்தப் புது ஷாஃப்டில் அவள் அடித்த பந்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. தாழ்வாகக் கிளம்பிற்று, பிறகு நினைத்துக்கொண்டதுபோல உயர்ந்தது, நூற்றைம்பது பலகைக்கு மேலே போகும்போதும் இறங்குகிற எண்ணமே அதற்கு இல்லை. சதுப்புக்கு முன்னால் விழுந்தது. அந்தப் பையன்களில் ஒருவன் “அடிபொளி” என்று வியந்தான்.

“எத்தனை வருஷமா ஆடறீங்க?” என்று கேட்டார் கோயம்புத்தூர்க்காரர்.

“ரெண்டரை. மன்னிதான் சொல்லித் தந்தா.”

அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க மேடம்.”

அது எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி இருந்தது. அந்தப் பந்து என்னுடையது, அந்த இடம் என்னுடையது, அவளை ஸ்கூட்டருக்காக அழைத்து வந்தேன், வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். இப்படித்தான் ஓடிற்று என் மனசு. ஐம்பத்து மூன்று வயது.

அவள் அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை, சந்தோஷம். “நீங்க ஒண்ணு அடிச்சுப் பாருங்கோ.”

அடித்தேன். எனக்கு அது இரும்புக் கடப்பாரை மாதிரி இருந்தது. பந்து முப்பது கஜம் போயிருக்கும்.

“எப்படி இருக்கு? வாங்கலாமா? நீங்க சொல்லுங்கோ” என்றாள்.

“உனக்கு இது வேண்டாம்” என்றேன். என் குரல் நிதானமாக, அக்கறையாக இருந்தது. “நீ ரொம்ப வேகமா சுத்தறே. இப்ப நன்னாத்தான் இருக்கும். ரெண்டு மாசத்துல தோள் போயிடும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு, கையைத் தூக்க முடியாம ஆறு மாசம் கிடந்தார். மெதுவா அடிச்சுப் பழகு. நம்ம பழைய டிரைவரே உனக்குச் சரி.”

அப்படி ஒருத்தர் எங்கள் ஆபீசில் இல்லை.

அவள் கம்பைப் பார்த்தாள். இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டாள். “சொல்லும்போது வலிக்கற மாதிரித்தான் இருக்கு” என்றாள்.

கோயம்புத்தூர்க்காரர் டேப்லெட்டைத் தாழ்த்தினார். “மேடம், அவங்க ஸ்விங் ரொம்ப லூசா, ஃப்ரீயா இருக்குங்க. தோளுக்கு ஒண்ணும்...”

“நாங்க பேசிக்கறோம்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கம்பை வாங்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஒரு ஃபாரத்தை நீட்டினார். உறுப்பினர் என்ற இடத்தில் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவே பை நின்றது, நான் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பேசினாள். தலையின் எடையை ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் நடுவில் படாவிட்டாலும் பந்து திரும்புவதில்லை, பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லலாம் என்றாள். சாக்கை சந்திப்பைத் தாண்டியதும், “நல்ல வேளை உங்ககிட்ட கேட்டேன். இல்லாட்ட வெறுதே வாங்கித் தொலைச்சிருப்பேன்” என்றாள்.

அடுத்த புதன்கிழமையிலிருந்து அவள் மெதுவாக அடிக்கத் தொடங்கினாள். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். கம்பைத் தோளுக்கு மேல் கொண்டுபோக மாட்டாள். பாதியில் நிறுத்தி, கீழே கொண்டுவந்து, பந்தைத் தள்ளிவிடுவாள். பந்து நூறு பலகைக்குக் கணிசமாக இந்தப் பக்கமே விழுந்தது. “இப்ப சரியா இருக்கா மன்னி?” என்று கேட்பாள். “சரியா இருக்கு” என்பேன்.

அன்று என் பந்துகள் அவளுடையதைவிடத் தள்ளிப் போய் விழுந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி இருவருக்கும் மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கினேன். அவள் ஒன்று போதும் என்றாள். நான் மூன்று சாப்பிட்டேன். சர்க்கரை ஞாபகமே வரவில்லை.

இரண்டாம் வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் கூடையில் பாதிப் பந்து மிச்சம் இருக்கும்போதே அவள் கம்பை என்னிடம் நீட்டினாள். “மீதியை நீங்க அடிங்கோ. ஸ்கூல்ல இன்னிக்கு நின்னு நின்னு கால் கடுக்கறது.” நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பந்து நன்றாகப் பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. அதற்கு முன்னால் நான் ஒரு நல்ல பந்து அடித்து அவள் பார்க்காமல் இருந்ததே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் “கொள்ளாம்” என்று மலையாளத்தில் ஒரு பாராட்டு வரும். இப்போது சிவப்புப் பேனா ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மதியம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார்.

“மேடம், உங்ககூட வந்தாங்களே, அவங்களுக்குப் பார்த்த ஷாஃப்ட் ஒண்ணு ஸ்டாக்குல வந்திருக்குங்க. சொல்லலாம்னு கூப்பிட்டேன்.”

“அவளுக்கு இஷ்டம் இல்லை” என்றேன்.

“அப்படிங்களா.” கொஞ்சம் தயங்கினார். “நான் இந்த வேலையில நிறைய பேரைப் பார்க்கறேனுங்க. அன்னைக்கு அவங்க கம்பைத் திருப்பிக் குடுத்தாங்க பாருங்க, எனக்கு மனசு கேக்கலை. அவங்க நம்பர் குடுத்தா நானே ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.”

பிறகு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். தயிர் சாதத்தை மூடி வைத்தேன். அந்த ஆளுக்கு அவள் யாரோ. ஒரு காலை நேரம் பார்த்தவள். அவருக்கு மனசு கேட்கவில்லை. எனக்குக் கேட்டிருக்கிறது, மூன்று வாரமாக.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பிறகு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் இன்னும் வந்திருக்கவில்லை.

“அந்த டிரைவரை நீ வாங்கிக்கோ” என்றேன்.

“தோளுக்கு ஆகாதுன்னேளே.”

“தோளுக்கு ஒண்ணும் ஆகாது.”

“உங்க ஆபீஸ்காரர்?”

“அப்படி ஒருத்தர் இல்லை. நானாச் சொன்னது.”

துருவுவது நின்றது. “பின்னே எதுக்குச் சொன்னேள்?”

“பொறாமை” என்றேன். அந்த வார்த்தையை என்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அசிங்கமாக இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதனால் அது கோபம் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

“அந்த மெஷின்ல வந்த நம்பரெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாதா? பிசிக்ஸ் டீச்சராக்கும் நான். அந்த ஆள் சொன்னதும் கேட்டது. எல்லாத்தையும் விட்டுட்டு உங்களைக் கேட்டேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு கேட்டேன்.”

அவள் தேங்காய் மூடியைத் தள்ளி வைத்தாள்.

“மூணு வாரமா உங்க முன்னாடி நின்னு, சரியா இருக்கான்னு கேட்டுண்டே இருக்கேன். சரியா இருக்குன்னு சொல்லிண்டே இருந்தேள். அதுக்கு முன்னாடி ரெண்டரை வருஷமா அந்த வாசல்ல கெஸ்ட்னு எழுதிண்டு வரேன். நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்லை.”

“மன்னி, இப்போ போங்கோ. அப்புறம் பேசலாம். இப்போ போங்கோ.”

வீட்டுக்கு வந்து அவள் நம்பரைக் கோயம்புத்தூர்க்காரருக்கு அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

அந்த அப்புறம் வர இரண்டு மாதம் ஆயிற்று. பேசாமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வருகிறதா, பால்காரர் வந்தாரா என்று பேசினோம். புதன், சனிகளில் நான் தனியாக ஆட்டோவில் போனேன். “அவ ஸ்கூட்டர் ரிப்பேரா?” என்று என் கணவர் கேட்டார். “ஆமாம்” என்றேன். ரேஞ்சில் ஏழு கம்பும் எனக்கே எனக்கு. கூடை முழுக்க என் பந்து. யாருக்கும் முறை விட வேண்டாம். ஐம்பது பந்து தொடர்ச்சியாக அடித்தால் ஐம்பது வயதுக்கு மேல் முதுகு என்ன பாடு படும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தேன். கூரியர்காரர் கதவைத் தட்டினார். பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது, வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டார். ஒடுக்கமான நீளப் பெட்டி, என் நெஞ்சு உயரம் இருந்தது. என்ன என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக் கூடத்தில் சாத்தி வைத்தேன். பகல் முழுவதும் அது அங்கே நின்றது. சோபாவில் படுத்தால் கண்ணில் பட்டது. திரும்பிப் படுத்தாலும் அது அங்கே நிற்பது தெரிந்தது. மூன்று மணிவாக்கில் எழுந்துபோய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெட்டியோடு சேர்த்து ஒரு முறை கையை வீசிப் பார்த்தேன். மின்விசிறியில் இடிக்கப் பார்த்தது. வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். “வந்திருக்கு.”

“ம்” என்று வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனவள் நின்று, “ஜுரம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“பரவாயில்லை.”

அந்தச் சனிக்கிழமை நான் ரேஞ்சில் இருக்கும்போது அவள் வந்தாள். வாசலில் தன் பெயரில் ஒரு பாஸ் எடுத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு இரண்டு மேடை தள்ளி நின்றாள். துப்பட்டாவை முடிந்தாள். கம்பைத் தோளுக்கு மேலே முழுக்கக் கொண்டுபோய், ஒரு நொடி நிறுத்தி, விட்டாள்.

பந்து போவதைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. டெமோ டே அன்று வந்த அதே வலி, அதே இடத்தில், கொஞ்சமும் குறையாமல் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அது போய்விடும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் நான் எதிர்பார்த்திருந்தேன்.

“நன்னா இருக்கு” என்றேன், அவளுக்குக் கேட்கும்படியாக.

“தெரியும்” என்றாள், திரும்பாமலே.

நான் என் பந்தை அடித்தேன். வலது பக்கம் வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது. நான்காவதற்குப் பிறகு இரண்டு மேடைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“இடது முட்டி மடங்கறது. டெமோ அன்னிக்கே பார்த்தேன். நீட்டி வச்சுண்டு அடிங்கோ.”

டெமோ அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பந்தலில் அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு அடித்தேன். பந்து நேராகப் போயிற்று. இத்தனை வருஷத்தில் என் டிரைவரிலிருந்து ஒரு பந்து அப்படி நேராகப் போனதில்லை.

“கொள்ளாம்” என்றாள் அவள்.

அவள் சொல்லித்தான் அது நேராகப் போக வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்த எரிச்சல் இருந்தது. ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்துதான் போனேன்.